டிரெய்னரா, தார்ச்சாலையா? இராமநாதபுரம் கரையில் டிரையத்லானுக்குச் சைக்கிள் பழகுவோருக்கு ஒரு கணக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் பந்தயத்துக்குத் தயாராகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சலுக்குப் பயப்படுவதில்லை. கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஓட்டமும் புதிதல்ல, காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஓடி ஓடிக் காய்ந்த கால்கள். நேரம் கரைவது சைக்கிளில்தான். பந்தயத்தில் பெரும் பங்கும் அதற்குத்தான்: ஸ்பிரிண்ட் பந்தயத்தில் 20 கிலோமீட்டர், ஒலிம்பிக் தூரத்தில் 40, அயர்ன்மேன் என்னும் நீண்ட பந்தயத்தின் பாதியான அரை அயர்ன்மேனில் 90, முழு அயர்ன்மேனில் 180. மொத்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி சீட்டின் மேலேயே போய்விடுகிறது.

சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவிக்கு டிரெய்னர் என்று பெயர். ஆகவே கேள்வி ஒரே மாதிரி வருகிறது. "அண்ணே, டிரெய்னர் வாங்கிவிடலாமா, சாலையிலேயே ஓட்டினால் போதுமா?" கீழக்கரைக்கு விடுமுறையில் வந்திருக்கும் வளைகுடா ஊழியர் கேட்கிறார். பரமக்குடிப் பள்ளி ஆசிரியை கேட்கிறார். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்கள் இரண்டு வகை. ஒன்று பனி பெய்யும் நாட்டுக்காரர் எழுதியது: ஆறு மாதம் வெளியே போக முடியாது, டிரெய்னர் வாங்கு. மற்றது சென்னை, பெங்களூரு ஆட்கள் எழுதியது: நூறு மீட்டருக்கு ஒரு சிக்னல், டிரெய்னர் வாங்கு. நமக்குப் பனியும் இல்லை, திருப்புல்லாணியைத் தாண்டினால் சிக்னலும் இல்லை. நம் தொல்லைகள் வேறு: காற்று, வெக்கை, சீமைக் கருவேல முள், விடியுமுன் இருட்டு. அந்தத் தொல்லைகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, செய்ய நினைத்த வேலையைச் செய்ய முடிகிறதா என்பது. இன்று எட்டு நிமிடம் வீதம் நான்கு முறை கடுமையாக ஓட்ட வேண்டும் என்று திட்டம் இருந்தால், அந்த எட்டு நிமிடமும் எட்டு நிமிடமாகவே கிடைக்க வேண்டும். இரண்டாவது, உடல் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது என்பது. மூன்றாவது, பந்தயத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது: குனிந்த நிலையில் காற்றை எதிர்கொள்வது, திருப்பம், ஓடும் சைக்கிளில் பாட்டில் எடுத்துக் குடிப்பது. பிறகு நேரம், பணம், ஆபத்து.

எல்லா அளவுகோலும் சம எடை அல்ல. குளிர்நாட்டில் சூடு ஒரு பொருட்டே இல்லாமல் போகலாம். இந்தக் கரையில் மற்ற எல்லாவற்றையும் அதுதான் ஆட்டிவைக்கிறது. எனவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வெக்கையின் கணக்கு

சைக்கிள் மிதிக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் மிதிகட்டைக்குப் போகிறது. மீதி முழுவதும் சூடு. நீங்கள் 200 வாட் மிதித்தால் உடலுக்குள் 600 முதல் 800 வாட் வரை சூடு உற்பத்தியாகிறது. ஒரு சிறிய மின்அடுப்பை விழுங்கிவிட்டு ஓட்டுவது போல.

இந்தச் சூட்டை வெளியேற்ற உடலிடம் இருக்கும் பெரிய கருவி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் போகிறது. ஒரு மணி நேரத்தில் அது நடந்தால் சுமார் 670 வாட். உற்பத்தியாகும் சூட்டுக்குச் சரியாகப் போய்விடும். ஆனால் 'ஆவியானால்' என்பது கட்டாய நிபந்தனை. தோலிலிருந்து சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உடலிலிருந்து தண்ணீரை எடுத்துப் போகிறதே தவிர, சூட்டை எடுத்துப் போவதில்லை. டிரெய்னருக்கு அடியில், கிராங்குக்கு நேர் கீழே, அரை மணியில் தேங்கும் அந்தக் குட்டையைப் பலர் உழைப்பின் சான்றாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது வீணான வியர்வை. ஆவியாகியிருக்க வேண்டியது தரையில் கிடக்கிறது.

வியர்வை ஆவியாக வேண்டுமானால் காற்று வறண்டிருக்க வேண்டும், அல்லது ஓட வேண்டும். கடலோரத்தில் வறண்ட காற்றுக்கு வழியில்லை. எனவே ஓடும் காற்று வேண்டும். சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது, காற்றே அடிக்காத நாளிலும், நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் அது உங்கள் மீது மோதுகிறது. அறையில் சுழலும் சாதாரண டேபிள் ஃபேன் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. அதனால்தான் சாலையில் 200 வாட்டைத் தாங்கும் அதே ஆள் அறைக்குள் 180-இலேயே திணறுகிறார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகிறது. ரத்தம் காலுக்கும் போக வேண்டும், சூட்டைக் கொண்டுவந்து கொட்டத் தோலுக்கும் போக வேண்டும். இதைக் காலின் பலவீனம் என்று எண்ணி மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுதான் இல்லை.

சாலைக்காரருக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்காற்றில் மணிக்கு 30-இல் திரும்பும்போது அந்தக் காற்றும் 25-இல் உங்களோடு கூடவே வந்தால், தோலில் படுவது வெறும் ஐந்து கிலோமீட்டர் வேகக் காற்று. கால் இலகுவாகச் சுற்றும், தலை கொதிக்கும். எதிர்காற்றில் வாடியவர்களைவிடப் பின்காற்றில் மயங்கியவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

சாலை: தருவதும் பிடுங்குவதும்

நம் நிலம் தட்டை. பாம்பன் சாலைப் பாலத்தையும் சில ரயில்வே மேம்பாலங்களையும் விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைப்பகுதிப் பந்தயத்துக்குப் போகிறவருக்கு இது குறை. மற்றவர்களுக்கு வரம். மேடு இல்லாத இடத்தில் இறக்கமும் இல்லை. இறக்கம் இல்லாத இடத்தில் மிதிக்காமல் உருளவும் முடியாது. 90 கிலோமீட்டரும் குனிந்த நிலையில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தும் முதுகும் அந்த நிலைக்குப் பழகுவது இப்படித்தான். வயதுப் பிரிவுப் பந்தயங்களில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒண்டிக்கொள்ள விதி பெரும்பாலும் இடம் தருவதில்லை என்பதால், தனியாகக் காற்றைக் கிழித்துப் போகும் பழக்கம் நேரடியாகப் பந்தயத்தில் பலிக்கும். கூட்டாக ஓட்ட ஆள் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

திசையைக் காற்றைப் பார்த்து எடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிப் பக்கம் போனால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டித் தொண்டிப் பக்கம் போக வேண்டும். கடினமான பாதி முதலில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, காலில் ஒன்றுமில்லாத நேரத்தில், முகத்தில் காற்று அறையும் நிலை வராது. ஆனால் மேலே சொன்ன பின்காற்று வெக்கை இங்கேதான் காத்திருக்கிறது: திரும்பும்போது வெயிலும் ஏறியிருக்கும். கடைசி பாட்டிலைத் திரும்பும் வழிக்கென்று தொடாமல் வையுங்கள்.

காற்றடிக்கும் சாலையில் வேகத்தை வைத்துப் பயிற்சியை அளக்காதீர்கள். 20 கிலோமீட்டரை எதிர்காற்றில் மணிக்கு 22-இல் போய், பின்காற்றில் 38-இல் திரும்பினால் சராசரி 30 வரவேண்டும் என்று தோன்றும். வருவது 28-க்கும் குறைவு. மெதுவான பாதியில் அதிக நேரம் இருந்துவிட்டோமே. பவர் மீட்டர் இருந்தால் வாட்டைப் பாருங்கள். இல்லாதவர் இதயத் துடிப்பையும் மூச்சையும் பார்த்தால் போதும்.

முள்ளுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரின் பட்ஜெட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. சாலையோரம் எங்கும் சீமைக் கருவேலம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிப் போகும் வண்டிகள் சிந்திக்கொண்டே போகின்றன. மழைக்குப் பின் தண்ணீர் அவற்றை ஓரத்துக்கு ஒதுக்குகிறது. சைக்கிள்காரன் போவதும் அதே ஓரத்தில். முள் குத்தியவுடன் காற்று இறங்கினால் நல்ல காலம். பல நேரம் முள் உடைந்து, அரிசிக் குருணை அளவு முனை மட்டும் டயர் ரப்பருக்குள் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகூடத் தெரியாது. புது டியூப் போட்டு இரண்டு கிலோமீட்டர் போனால் மறுபடி இறங்கும். உச்சிப்புளிப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர் கையாளும் முறை எனக்குப் பிடிக்கும். டியூபைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுப்பார். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே நிறுத்தி, டயரைப் புறம் மடக்கி, நகம் வெட்டியின் முனையால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "தம்பி, ஓட்டை ஒட்டுவது யாரும் செய்வார்கள். இதை எடுத்தால்தான் நீ வீடு போய்ச் சேருவாய்" என்பார். சட்டைப் பையில் இரண்டு டியூபோடு சிறிது பஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றினால் முள் துளைகள் பெரும்பாலும் தானே அடைபடும். இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்குச் செய்யும் செலவுகளில் முதல் இடம் அதற்குத்தான் கொடுப்பேன். வெக்கையில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடிச் சாலையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் திறந்தது. இருபுறமும் கடல், நூல் பிடித்தாற்போன்ற சாலை. படத்தில் பார்த்தால் இதைவிட நல்ல பயிற்சித் தடம் உலகில் இல்லை என்றே தோன்றும். நான் மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் பரிந்துரைக்கமாட்டேன். பக்கக் காற்று ஓயாது, மணல் சாலையில் ஏறிக் கிடக்கும், தூவானத்தில் வரும் உப்பு செயினில் படியும், எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள். பாம்பன் சாலைப் பாலமும் அப்படியே. 2.3 கிலோமீட்டர் நீளம், 1988-இல் திறந்தது. நடுவில் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகள் திடீரென்று நிற்கும், கதவுகள் திறக்கும். பாலத்தின் இரும்பு இணைப்புத் தகடுகள் ஈரத்தில் வழுக்கும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். எட்டு கிலோ சைக்கிள் எந்த மூலை? உயர விளிம்பு கொண்ட பந்தயச் சக்கரம் மாட்டியிருந்தால் கச்சான் காலத்தில் பாலத்தின் மேல் குனிந்த நிலையை விட்டுவிட்டு, பிரேக்கில் கை வைத்துப் போங்கள்.

செலவுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாதவை: உப்பால் சீக்கிரம் தேயும் செயின், டயர், முன்பின் விளக்குகள், பெரிய பழுதுக்கு மதுரைக்குப் போய்வரும் ஒரு நாள். நேரத்திலும் மறைமுகச் செலவு உண்டு. ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் காற்றடித்து, விளக்கு மாட்டி, ஊரைத் தாண்டி, திரும்பி வந்து துடைத்து முடிக்க ஒன்றே முக்கால் மணி ஆகிவிடும். ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஐந்து மணிக்கே கிளம்பினால் இருட்டில் நாய், படுத்திருக்கும் மாடு, விளக்கில்லாத டிராக்டர். தை, மாசியில் நெல்லும், அதன் பின் மிளகாயும் சாலையில் காயும். முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அதன் நெடியில் இதயத் துடிப்பு 165-இல் மூச்சிழுத்துப் பார்த்தவருக்கு அந்தப் பெருமை கொஞ்சம் குறையும்.

டிரெய்னர்: தருவதும் பிடுங்குவதும்

மூன்று வகை. பின்சக்கரத்தை உருளையில் அழுத்திவைப்பது ஒன்று. விலை சில ஆயிரங்களில் தொடங்கும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே மாட்டும் ஸ்மார்ட் டிரெய்னர் இன்னொன்று. அரை லட்சத்தைச் சுற்றியும் அதற்கு மேலும். மூன்றாவது ரோலர், மூன்று உருளைகள் மேல் சைக்கிளை நிறுத்தாமல் சமன் செய்து ஓட்டுவது. சமநிலைக்கு நல்லது, கடும் பயிற்சிக்கு உகந்ததல்ல.

ஸ்மார்ட் டிரெய்னரின் சிறப்பு, வாட்டை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது. 190 வாட் என்று செயலியில் போட்டால் மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் 190-தான். ஏமாற்ற முடியாது, உருள முடியாது. அதனால்தான் அறைக்குள் ஒரு மணி நேரம் சாலையின் ஒரு மணி நேரத்தைவிடக் கனமானது. நேரமும் மிச்சம்: செருப்பைக் கழற்றிய இடத்தில் பயிற்சி தொடங்குகிறது. இறங்கியவுடன் வாசலிலிருந்தே ஓடத் தொடங்கலாம், சைக்கிளுக்குப் பின் ஓட்டம் என்னும் கூட்டுப் பயிற்சிக்கு இதைவிட வசதி இல்லை. ஏற்றமில்லாத நம் ஊரில் மலை ஏறும் சுமையைக் காலுக்குக் காட்டவும் இது ஒன்றே வழி.

சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்டுக்கு எஃப்.டி.பி. என்று பெயர். அதைக் கண்டறியும் சோதனைக்கும் டிரெய்னர் நல்ல இடம். இருபது நிமிடம் முழு மூச்சில் ஓட்டி, சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுப்பது வழக்கம். ஆனால் சாலையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு அறைக்குள் பயிற்சி செய்யாதீர்கள். அறைக்கு அறையில் எடுத்த எண், சாலைக்குச் சாலையில் எடுத்த எண்.

மறைமுகச் செலவில் முதலில் வருவது காற்று. சாலையில் இலவசமாக வந்த காற்றை இங்கே விலைக்கு வாங்க வேண்டும். கூரை மின்விசிறி போதாது. அது தலைக்கு மேல் சூடான காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். சுவரில் மாட்டும் பெரிய விசிறி ஒன்று மார்புக்கு நேராக, முடிந்தால் இன்னொன்று முதுகுக்கு. மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம், 100 வாட் விசிறி ஒரு மணி நேரம் ஓடினால் 0.1 யூனிட். ஏசி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள்: ஏசி அறையைக் குளிர்விக்கும், ஈரத்தையும் எடுக்கும், ஆனால் தோலின் மேல் காற்றை ஓடவிடாது. ஏசி இருந்தாலும் விசிறி வேண்டும். நல்ல விசிறி இருந்தால் விடியற்காலையில் ஏசி இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவு பத்து மணி வரை அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும் என்பதால், மாலை நேரம் டிரெய்னருக்கு மிக மோசமான நேரம். அலுவலகம் முடிந்து வந்து ஏறலாம் என்று வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அடுத்தது வியர்வை உப்பு. கடல் உப்பைவிட இது மோசம், ஏனென்றால் நேராக ஹேண்டில்பார் தண்டின் திருகாணிகளிலும், ஹேண்டில்பாரைத் திரும்ப விடும் பேரிங்கான ஹெட்செட்டிலும் சொட்டுகிறது. ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்கு அடியில் அலுமினியம் அரிப்பது வெளியே தெரியாது. ஒரு பழைய வேட்டித் துண்டைத் தண்டின் மேல் போட்டுவிட்டு ஏறுங்கள். இறங்கியதும் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு செயலிச் சந்தா, இணையம், அடியில் ரப்பர் பாய், சில சைக்கிள்களுக்கு அச்சு இணைப்பு, பின்சக்கரம் தேய்க்கும் வகைக்குத் தனி டயர். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் டிரெய்னர் வெறும் இரும்பு. மின்சாரமில்லாமல் ஓடும் காந்த வகை இருந்தாலும், விசிறி நின்றபின் அதில் ஏறுவது வீண்.

சாலை கற்றுத்தரும் எதையும் டிரெய்னர் கற்றுத்தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். வளைவில் உடலைச் சாய்ப்பது, பக்கக் காற்றில் பதறாமல் இருப்பது, யூ-டர்னில் பிரேக் பிடித்து மறுபடி வேகம் எடுப்பது, ஓடிக்கொண்டே ஏறி இறங்குவது. அறைக்குள்ளேயே 300 வாட் பழகிவிட்டு, முதல் பந்தயத்தில் தண்ணீர் பாட்டிலை வாங்கத் தெரியாமல் விழுகிறவர்கள் உண்டு. உட்காரும் இடம் புண்ணாவதும் இங்கே அதிகம். சாலையில் நம்மை அறியாமல் எழுந்து அமர்வோம், டிரெய்னரில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்போம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள்.

மூன்றாவது வழி: மொட்டை மாடி

இரண்டில் ஒன்று என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது, "வீட்டில் மொட்டை மாடியோ, காற்றோட்டமான தாழ்வாரமோ உண்டா?" என்றுதான். டிரெய்னரை அறைக்குள் வைக்க வேண்டும் என்பது பனிநாட்டுச் சட்டம். இங்கே விடியுமுன் ஐந்து மணிக்கு மாடியில் வைத்து ஏறினால், கச்சான் காலத்தில் கூடுதல் விசிறியே தேவைப்படாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சைக்கிளின் முகத்தைத் திருப்பி வையுங்கள், அவ்வளவுதான். நாய் இல்லை, முள் இல்லை, லாரி இல்லை. விலை: கடலோரக் காற்று டிரெய்னரின் உட்பாகங்களுக்கு நல்லதல்ல என்பதால், முடிந்ததும் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். நேரே செயின் மாட்டும் வகை கனமானது. தினமும் மாடிப்படியில் தூக்க முடியாது. மாடிக்குப் பின்சக்கரம் அழுத்தும் எளிய வகையே சரி. காற்றே அசையாத பங்குனி, சித்திரை விடியல்களில் இந்த வழி பாதிதான் பலிக்கும், அப்போது விசிறிக்கு நீட்டிப்புக் கம்பி இழுக்க வேண்டியிருக்கும்.

| அளவுகோல் | சாலை | அறைக்குள் டிரெய்னர் | மாடியில் டிரெய்னர் |
|---|---|---|---|
| கடும் பயிற்சியின் துல்லியம் | ஊர் தாண்டினால் நன்று. காற்று குழப்பும் | மிக நன்று | நன்று |
| சூடு வெளியேறுதல் | நன்று, பின்காற்றில் மோசம் | நல்ல விசிறி இல்லாவிட்டால் மோசம் | விடியலில் நன்று |
| பந்தய ஒப்புமை | முழுமை | கால் மட்டும் | கால் மட்டும் |
| ஒரு மணிப் பயிற்சிக்குப் பிடிக்கும் நேரம் | ஏறக்குறைய இரட்டிப்பு | ஒன்றேகால் மணி | ஒன்றரை மணி |
| மறைமுகச் செலவு | டியூப், டயர், செயின், விளக்கு | விசிறி, சந்தா, வியர்வை அரிப்பு | தூக்கி இறக்கும் உழைப்பு, உப்புக்காற்று |
| ஆபத்து | வாகனம், நாய், பாலத்துக் காற்று | வெக்கை மயக்கம் | குறைவு |

யாருக்கு எது

முதல் ஸ்பிரிண்ட் பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு டிரெய்னர் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட், விளக்கு, முள் தாங்கும் டயர், ஒரு முழு சர்வீஸ். 20 கிலோமீட்டருக்குத் தேவையான உடல் திறன் முழுவதும் கீழக்கரைச் சாலையிலேயே கிடைக்கும்.

அரை அயர்ன்மேனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகிறவருக்கு இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் விலை உயர்ந்ததாக வேண்டாம். கைமாறிய எளிய டிரெய்னர் ஒன்று, புதிய பெரிய விசிறி ஒன்று. கையில் இருப்பது ஒரு தொகை என்றால் டிரெய்னரில் குறைத்து விசிறியில் கூட்டுங்கள். கடைக்காரர் சொல்வது இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

துணையின்றி விடியலில் சாலையில் ஓட்டுவதைப் பல பெண்கள் தவிர்க்கிறார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வரும் பைக்குகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தைரியமாக வெளியே போங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. பயிற்சியின் நடுவில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும் மனம் எந்த வாட்டையும் பிடிக்காது. வாரநாள் முழுவதும் டிரெய்னர், ஞாயிற்றுக்கிழமை துணையோடு சாலை என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பொருந்தும். கைக்குழந்தை வைத்திருப்பவர், படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், இரவுப் பணிக்காரர், காயத்திலிருந்து மீள்பவர் ஆகியோருக்கும் டிரெய்னர் ஆடம்பரம் அல்ல.

வெப்பமான ஊரில் பந்தயம் என்றால் (2019 முதல் நடக்கும் கோவா அரை அயர்ன்மேன் நம்மவர்கள் அதிகம் போகும் பந்தயம்) நமக்கு ஒரு கூடுதல் வசதி. உடல் வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் ஆகும். ரத்தத்தின் நீர் அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது. இங்கே வாழ்வதாலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிக்கு, டிரெய்னரில் விசிறியைக் குறைத்துவைத்து மிக இலகுவாக ஓட்டும் சில நாட்கள் போதும். கடும் பயிற்சியையும் வெக்கைப் பழக்கத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். உடல் சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, வியர்வை நின்றாலோ அந்த நிமிடமே இறங்கிவிட வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் இதைச் செய்யவே கூடாது.

இரண்டும் உள்ளவருக்கு ஒரு வாரம்

செவ்வாய் விடியலில் மாடியிலோ விசிறி முன்னாலோ கடும் பயிற்சி: பத்து நிமிடம் இலகு, பிறகு எட்டு நிமிடம் வீதம் நான்கு முறை எஃப்.டி.பி.யில் 95 சதவீதத்தில், நடுவில் நான்கு நிமிட ஓய்வு. வியாழன் டிரெய்னரில் முக்கால் மணி மிதமாக, இறங்கியவுடன் இருபது நிமிட ஓட்டம். ஞாயிறு சாலை, காற்றை எதிர்த்துத் தொடங்கி இரண்டரை மூன்று மணி நேரம், பெரும்பகுதி குனிந்த நிலையில். கடல் நீச்சலையும் அன்றே சேர்க்க நினைப்பவர்கள் கச்சான் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம், வாடைக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இறங்குங்கள். எந்தப் பக்கம் அமைதி என்பதை மீனவர்களிடம் கேட்டால் அன்றைய நிலவரம் தெரியும், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டிரெய்னரை மடித்து வைத்துவிட வேண்டும். அந்த மூன்று ஞாயிறும் பந்தய நாளில் போடப்போகும் அதே உடை, அதே ஷூ, வழியில் உறிஞ்சும் அதே சத்து ஜெல், அதே பாட்டில், பந்தயம் தொடங்கும் அதே நேரம். ஒரு ஞாயிறு தேவிபட்டினச் சாலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, பத்து யூ-டர்ன் போட்டுப் பாருங்கள். அரை அயர்ன்மேன்காரர்கள் அந்த மூன்றில் ஒரு நாள் 70 கிலோமீட்டராவது இறங்காமல் ஓட்ட வேண்டும். சீட்டின் உயரத்தையோ ஹேண்டில்பாரையோ அதற்குப் பிறகு தொடாதீர்கள். டயர் மட்டும் விதிவிலக்கு: கடைசி வாரத்தில் இரண்டையும் கழற்றி, உள்புறம் பஞ்சை ஒரு சுற்று இழுத்துவிட்டுத்தான் பெட்டியில் கட்ட வேண்டும்.